மின்விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை: முதல் கேமிங் கணினியின் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்குதல்

திருகோணமலையில் இருந்துகொண்டு கணினிப் பாகம் ஒன்று பழுது என்று முடிவு செய்வது லேசான காரியம் அல்ல. கொழும்பில் இருப்பவர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய், பின்னேரமே மாற்றிக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். நமக்கு அது ஏறத்தாழ 260 கிலோமீட்டர், ஓர் இரவு பஸ், ஒரு நாள் லீவு. பொதியாக அனுப்பினால் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் முதல் கணினியைப் பூட்டியபோது நானும் மதர்போர்டை அப்படித் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் வேறொரு செயலியை (சிபியு) அதில் வைத்துக் காட்டினார்கள்; உடனே படம் வந்தது. போர்டும் நல்லது, என் கையிலிருந்த செயலியும் நல்லது. ஒன்றை மற்றதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு உவர்மலையிலும் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் எத்தனையோ கணினிகளைத் திறந்து பார்த்துவிட்டேன். மாதக்கணக்கில் காசு சேர்த்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி, இளையவர்கள் தங்கள் கையாலேயே பூட்டியவை. அவற்றில் எரிந்துபோன பாகங்களை அரிதாகவே கண்டேன். ஒத்துப்போகாத சோடிகளைத்தான் திரும்பத் திரும்பக் கண்டேன். அதனால் பாகங்களை வரிசைப்படுத்தாமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்தே எழுதுகிறேன். இன்னும் காசு கொடுக்காதவர்களும் இதைப் படிக்கலாம். கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியும், வாங்கும் நாளில் கேட்கத் தவறிய ஒரு கேள்வி.

கை வைப்பதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பிறகு கணினியின் ஆளியை ஒருதடவை அழுத்தினால் உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடியும்.

அறிகுறி: மின்விசிறிகள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, திரை மட்டும் கறுப்பு

நான் அதிகம் சந்தித்த அறிகுறி இதுதான். காரணங்கள் பல என்பதால் எளியதிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் மொனிட்டரின் வயர் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கேசிங்கின் பின்புறம் மேலே மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளை இருக்கும்; கீழே, கிடையாக, கிராபிக்ஸ் கார்டின் துளைகள் இருக்கும். கார்ட் போட்டிருந்தால் வயர் கீழேதான் போக வேண்டும்.

கார்டே இல்லாமல், 'இப்போதைக்குப் போர்டின் எச்டிஎம்ஐயில் ஓட்டிக்கொண்டு கார்டைப் பிறகு வாங்கலாம்' என்று நினைத்தவர்கள் செயலியின் பெயரைக் கவனமாகப் படியுங்கள். ஏஎம்4 என்ற சொக்கெட் (செயலி உட்காரும் இடம்) உள்ள போர்டுகளுக்கான ஏஎம்டியின் ரைசன் 5 5600க்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. அதே எண்ணின் பின்னால் 'ஜி' என்ற எழுத்து வந்தால், அதாவது 5600ஜி என்றால், உண்டு. இன்டெலில் இது தலைகீழ்: ஐ3-12100 என்றால் படம் வரும், ஐ3-12100எஃப் என்றால் வராது. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வெறும் வாசல். படம் செயலியிலிருந்து வர வேண்டும். 'எஃப்' எழுத்துள்ள செயலி சற்று மலிவாகக் கிடைப்பதால், கார்ட் வாங்கக் காசு இல்லாதவர்கள்தான் அதை அதிகம் வாங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

வயர் சரி, கார்டும் இருக்கிறது என்றால் அடுத்து ராம். நான்கு இடங்கள் உள்ள போர்டில் இரண்டு ராம்களைச் செயலியின் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போட வேண்டும். ஒரே ராம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டாவது இடம். கிளிப் 'டக்' என்று மூடும்வரை அழுத்துங்கள். பயந்து பாதியில் விடுவதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன. பாவித்த ராம் என்றால் அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மென்மையாகத் தேய்த்து, தூள் போகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலை அண்டிய வீடுகளில் இந்த ஒன்றினாலேயே உயிர் பெற்ற கணினிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஏஎம்4க்குப் பின் வந்த ஏஎம்5 சொக்கெட் உள்ள புதிய போர்டும், டிடிஆர்5 என்ற புதிய வகை ராமும் என்றால், முதல் தடவை சில நிமிடங்கள் திரை கறுப்பாக இருப்பது இயல்பு. போர்டு ராமைப் பழகிக்கொள்கிறது. பதற்றத்தில் நிறுத்தி நிறுத்திப் போட்டால் அது ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். தேநீர் ஒன்று ஊற்றிக் குடித்துவிட்டு வாருங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் போர்டின் ஓரத்தில் சிறு விளக்குகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பல போர்டுகளில் செயலி, ராம், கார்ட், வட்டு என நான்கு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. செயலி விளக்கு நின்றால், என்னை இரவு பஸ்ஸில் ஏற்றிய அந்தப் பிழையாக இருக்கலாம்.

பயோஸ் என்ற பழைய நினைவு

பி450 போர்டுகள் 2018இல் வந்தவை. ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். இரண்டுக்கும் ஒரே ஏஎம்4 சொக்கெட்தான், செயலி அழகாக உள்ளே உட்காரும். ஆனால் போர்டின் பயோஸ், அதாவது கணினி எழும்போது முதலில் ஓடும் போர்டின் சொந்த மென்பொருள், 2018இல் எழுதப்பட்டதாகவே இருந்தால், நான்கு வருடம் கழித்துப் பிறந்த செயலியை அதற்கு அடையாளம் தெரியாது. மின்விசிறி சுற்றும், படம் வராது. பாவித்த பி450, ஏ320 போர்டுகளை வாங்கிப் புதிய செயலியைப் போடுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருதடவை நிற்க வேண்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது: போர்டைத் தயாரித்தவரின் இணையத்தளத்தில் அந்தப் போர்டின் பக்கத்தைத் திறந்து, ஆதரிக்கப்படும் செயலிகளின் பட்டியலில் உங்கள் செயலியைத் தேடுங்கள். அதற்கு எதிரே எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து என்று எழுதியிருக்கும். விற்பவரிடம் போர்டில் இப்போது என்ன பதிப்பு இருக்கிறது என்று கேட்டு, பயோஸ் திரையின் படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். கடைக்காரர் என்றால், பயோஸைப் புதுப்பித்துத் தரும்படி காசு கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் இரண்டு வழிகள். சில போர்டுகளின் பின்புறத்தில் பயோஸ் எழுதுவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். எஃப்ஏடி32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவில், கையேடு சொல்லும் பெயரில் கோப்பைப் போட்டு, அதற்குரிய யூஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால், செயலி இல்லாமலே எழுதிவிடும். பொத்தான் இல்லாத போர்டென்றால், அந்தப் போர்டுக்குத் தெரிந்த ஒரு பழைய செயலியை, ரைசன் 5 2600 போன்ற ஒன்றை, யாரிடமாவது ஓர் மணிநேரத்துக்கு இரவல் வாங்க வேண்டும். எதைச் செய்தாலும் யூபிஎஸ் இணைத்துவிட்டுச் செய்யுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், நல்ல போர்டு உண்மையாகவே பழுதாகிவிடும். மழைக்காலத்தில், மின்னல் வெட்டும் இரவில் இதைத் தொடவே வேண்டாம்.

செயலியை மாற்றும்போது ஒரு கவனம். ஏஎம்4 செயலிகளில் ஊசிகள் செயலியின் அடியிலேயே இருக்கின்றன. இடையில் பூசும் வெப்பம் கடத்தும் பசை காய்ந்து ஒட்டிக்கொண்ட குளிர்விப்பானை நேராக இழுத்தால் செயலியும் பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். கணினி ஓடக்கூடிய நிலையில் இருந்தால் பத்து நிமிடம் ஓடவிட்டு, பசை இளகியதும் அணைத்து, குளிர்விப்பானை இடமும் வலமும் மெல்லத் திருகிக் கழற்றுங்கள்.

இன்டெல் பக்கம் சொக்கெட்டின் பெயரே ஏமாற்றும். எல்ஜிஏ1151 என்று இரண்டு தலைமுறைப் போர்டுகள் உண்டு. ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளுக்கு 100, 200 வரிசைப் போர்டுகள். எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கு 300 வரிசைப் போர்டுகள். செயலி இரண்டிலும் உட்காரும், மாறிப் போட்டால் வேலை செய்யாது. இதற்குப் பயோஸ் மருந்து கிடையாது. விற்று மாற்றத்தான் வேண்டும். இன்னும் பழைய இரண்டாம் தலைமுறை எல்ஜிஏ1155க்கும் நான்காம் தலைமுறை எல்ஜிஏ1150க்கும் கூட ஒன்றுக்கொன்று உறவில்லை.

அறிகுறி: ஆளியை அழுத்தினால் அசைவே இல்லை, அல்லது ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது

அசைவே இல்லை என்றால் கேசிங்கின் முன்பக்கத்திலிருந்து வரும் சிறு வயர்களைப் பாருங்கள். ஆளிக்குரிய இரண்டு ஊசிகள் எவை என்று போர்டின் கையேட்டில் படம் இருக்கும். வயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு ஊசிகளையும் ஒரு திருப்புளியின் முனையால் ஒரு கணம் தொட்டால் கணினி எழ வேண்டும். எழுந்தால் பிழை ஆளியில்.

ஒரு நொடி சுற்றி நின்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, போர்டின் மேல் இடது மூலையில் செயலிக்கென்று இருக்கும் எட்டு ஊசி மின் இணைப்பு. பெரிய 24 ஊசி இணைப்பைச் செருகிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். கிராபிக்ஸ் கார்டின் இணைப்பும் எட்டு ஊசிதான், ஆனால் இரண்டும் வேறு. கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். செயலியுடையது நாலும் நாலுமாகப் பிரியும். பலவந்தமாக மாற்றிச் செருகாதீர்கள். மற்றது, கேசிங்கில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சி நின்றால் அது போர்டின் அடியைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படுத்தும்.

மலிவான சில பவர் சப்ளைகளின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிறச் சிறு ஆளி இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆளி 115இல் இருக்கும்போது செருகினால் 'டப்' என்ற சத்தத்தோடு அது முடிந்துவிடும். செருகும் முன்பே பாருங்கள்.

அறிகுறி: சாதாரணமாக ஓடுகிறது, விளையாட்டைத் தொடங்கியதும் அணைந்துவிடுகிறது

இங்கே நான் கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன். பட்ஜெட் குறையும்போது எல்லோரும் முதலில் கைவைப்பது பவர் சப்ளையில்தான். மற்ற எல்லாப் பாகங்களையும் கொல்லக்கூடியதும் அது ஒன்றுதான்.

பெட்டியில் 500 வாட் என்று பெரிய எழுத்தில் இருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேடி, அதன் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வாட். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது ஏறக்குறைய முழுவதும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான். ஆகவே அந்தப் பெட்டி உங்களுக்கு 216 வாட் பெட்டி. நேர்மையான 450 வாட் பெட்டியில் 12 வோல்ட் கட்டத்தில் 36 ஆம்பியர் அளவு இருக்கும், பெருக்கினால் 432.

இனித் தேவையைக் கூட்டுங்கள். ரைசன் 5 5600 முழு வேலையில் 76 வாட் வரை எடுக்கும். ஆர்எக்ஸ் 6600 கார்ட் 132 வாட். போர்டு, ராம், வட்டு, மின்விசிறிகளுக்கு 50 வைத்தால் 260 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. கார்டுகள் ஒரு கணத்துக்குத் திடீரென அதிகம் இழுக்கும் பழக்கமுள்ளவை. 216 வாட் பெட்டி எந்த இடத்தில் கைவிடும் என்பது இப்போது விளங்கும். இதே இடத்தில் பாவித்த ஆர்எக்ஸ் 580ஐப் போட்டால் கார்ட் மட்டும் 185 வாட். கார்ட் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தவர் பவர் சப்ளைக்கு மேலும் செலவழிக்க நேரும். ஜிடிஎக்ஸ் 1650இல் தனி மின் இணைப்பே தேவைப்படாத வகை உண்டு. அது 75 வாட்டைப் போர்டின் துளையிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பவர் சப்ளையில் கார்டுக்குரிய வயர் இல்லை என்று ஹார்ட் டிஸ்க்குக்குரிய சாட்டா இணைப்பிலிருந்து மாற்றி எடுக்கும் வயரை வாங்காதீர்கள். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்க வடிவமைக்கப்பட்டது. எட்டு ஊசி இணைப்புக்கூடாகக் கார்ட் 150 வாட் வரை கேட்கலாம். உருகிய இணைப்பின் வாடை வீட்டைவிட்டுப் போக நாளெடுக்கும். தீப்பிடித்தால் வீடே போகும்.

சில வீடுகளில் இதே அறிகுறி வேறு வேடத்தில் வரும்: மின்வெட்டு வந்த கணமே, யூபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துவிடும். 650 விஏ என்று எழுதிய சாதாரண யூபிஎஸ்கள் பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரைதான் தரும். கணினியும் மொனிட்டரும் சேர்ந்து விளையாட்டின் நடுவில் அந்த எல்லையை நெருங்கினால் அது தாங்காது. அளவு போதுமாக இருந்தும் அணைந்தால், யூபிஎஸ் தரும் கரடுமுரடான மின் அலையை உங்கள் நல்ல பவர் சப்ளை ஏற்றுக்கொள்ளவில்லை என்று சந்தேகியுங்கள். நண்பர் ஒருவரின் யூபிஎஸ்ஸை இரவல் வாங்கிச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

அறிகுறி: கேசிங்கைத் தொட்டால் கையில் சுரீர் என்கிறது

இது கணினியின் பிழை அல்ல, ஆனாலும் இதைக் கடந்து போகாதீர்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, சிறு கசிவை நில இணைப்பு வழியாக வெளியேற்றும்படி அமைக்கப்பட்டது. பழைய வீடுகளில் இரண்டு ஊசிப் பிளக்கிலோ, மூன்றாவது துளைக்கு வயரே இல்லாத சுவர் இணைப்பிலோ செருகினால் அந்தக் கசிவுக்குப் போக இடமில்லை. கேசிங்கில் நின்று உங்கள் கையைத் தேடும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் வீட்டில் இது விளையாட்டான விஷயம் அல்ல. மின்னியலாளர் ஒருவரை அழைத்து நில இணைப்பையும் ட்ரிப் சுவிட்சையும் சரிபார்த்த பிறகுதான் கணினியைத் திரும்பப் போட வேண்டும். கார்டைவிட இதற்கு முதலில் செலவழியுங்கள் என்று பெற்றோரிடமே நேரில் சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி: ராம் துளைக்குள் இறங்க மறுக்கிறது

அழுத்தாதீர்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் நடுவிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது; தவறானது உள்ளே போகாதிருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஏஎம்4 என்றால் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். குழப்பம் இன்டெலின் எல்ஜிஏ1700 சொக்கெட்டில். அந்தச் செயலிகள் இரண்டையும் ஏற்கும். போர்டுதான் ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்திருக்கும். எச்610, பி660, பி760 போர்டுகளை வாங்கும்போது பெயரின் முடிவுவரை படியுங்கள். பல போர்டுகளில் டி4 அல்லது டிடிஆர்4 என்ற எழுத்து அங்கேதான் இருக்கும்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் தடங்கித் தடங்கி

ஒரே எட்டு ஜிபி ராமைப் போட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அதேபோல் இன்னொன்றைச் சேர்க்கும்படிதான். செயலி இரண்டு பாதைகளில் ராமோடு பேசக்கூடியது. ஒன்றை மட்டும் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். 5600ஜி போன்ற, கார்ட் இல்லாமல் ஓடும் கணினிகளில் படமும் இதே ராமைத்தான் பாவிக்கிறது என்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 3200 வேக ராம் வாங்கியும் அது 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். பயோஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி என்ற தெரிவை இயக்க வேண்டும்.

அடுத்து கார்டும் போர்டும். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்ட், போர்டோடு பேசும் பிசிஐஇ இணைப்பில் நான்கு பாதைகளை மட்டுமே பாவிக்கிறது. பிசிஐஇ 4.0 போர்டில் அது போதும். பி450 போன்ற பிசிஐஇ 3.0 போர்டில் ஒவ்வொரு பாதையின் கொள்ளளவும் பாதியாகிவிடும். அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் தடங்கல் அப்பட்டமாகத் தெரியும். பி550 போர்டு வாங்கினாலும் செயலி 5600ஜி என்றால் அதே 3.0தான், ஏனென்றால் அந்தச் செயலிக்கு 4.0 கிடையாது. பழைய போர்டுக்குக் கார்ட் தேடுபவர்களிடம், பதினாறு பாதைகளையும் பாவிக்கும் பழைய கார்டையோ, எட்டுப் பாதை கொண்ட ஆர்எக்ஸ் 6600ஐயோ பார்க்கச் சொல்வேன். இன்டெலின் ஆர்க் கார்டுகள் விலையால் இழுக்கும். ஆனால் கார்டின் முழு நினைவகத்தையும் செயலி ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இல்லாவிட்டால் அவை பாதி உயிரோடுதான் ஓடும்.

பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகுதான் தடங்குகிறதென்றால் அது வெப்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊரில் பகல் 35 பாகையைத் தொடும். தகரக் கூரையின் கீழ் இருக்கும் அறை அதையும் தாண்டும். கொழும்புக் கடையின் குளிரூட்டிய அறையில் சோதித்த அளவு இங்கே பொருந்தாது. கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு விளையாடிப் பாருங்கள். தடங்கல் குறைந்தால் கேசிங்குக்குள் காற்று போதவில்லை. முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடிய கேசிங்குகளை இங்கே வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தகட்டைக் கழற்றியும் செயலி 90 பாகையில் நின்றால் குளிர்விப்பானைக் கழற்றி அடியைப் பாருங்கள். ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டியிருக்கலாம். எல்ஜிஏ1200க்கு வாங்கிய பழைய குளிர்விப்பானை எல்ஜிஏ1700இல் பூட்டியிருக்கலாம். முன்னதன் துளை இடைவெளி 75 மில்லிமீட்டர், பின்னதில் 78. நெருக்கிப் பூட்டினாலும் சரியாக அழுந்தாது.

அறிகுறி: பாவித்த கார்ட் பெயருக்கேற்ற வேகம் தரவில்லை

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டின் பயோஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில் விற்கும் மோசடி நெடுநாளாக உண்டு. அவ்வாறான பல கார்டுகளை அந்த மென்பொருள் போலி என்றே காட்டிக்கொடுக்கும். 1050 டிஐ என்று சொல்லப்படும் கார்டில் நீல நிற விஜிஏ துளை இருந்தாலே சந்தேகியுங்கள். ஆர்எக்ஸ் 580 வாங்குபவர்கள் அதே மென்பொருளில் ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) எண்ணிக்கையைப் பாருங்கள்: முழுமையானதில் 2304 இருக்கும். 2048 என்றால் அது பெயரில் 580, வேகத்தில் 570. போலியல்ல, ஆனால் விலையை அதற்கேற்பப் பேச வேண்டும்.

காசு கொடுக்கும் முன் விற்பவரின் வீட்டிலேயே இதை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அறிகுறி: அலுவலகங்களிலிருந்து வந்த பாவித்த கணினியில் கார்ட் போட முடியவில்லை

குறைந்த காசில் தொடங்க இது நல்ல வழி, நானும் பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் வாங்கும் முன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒல்லியான உடல் என்றால் பாதி உயரக் கார்ட் மட்டுமே நிற்கும்; ஆர்எக்ஸ் 6400, ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவற்றில் அப்படியான வடிவம் உண்டு. உயரமான உடலிலும் போர்டில் 24 ஊசி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களின் பல மாதிரிகளில் ஆறோ எட்டோ ஊசிகள் கொண்ட சொந்த இணைப்பு இருக்கும். சாதாரண பவர் சப்ளையை அதற்கு நேராக மாட்ட முடியாது.

அறிகுறி: எஸ்எஸ்டி தெரியவில்லை

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவில் சாட்டா வகையும், அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் இருக்கின்றன. இரண்டு வெட்டுகள் உள்ளவை பெரும்பாலும் சாட்டா. ஒரு வெட்டு மட்டும் என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. துளை எதை ஏற்கும் என்று கையேடு சொல்லும். எம்.2வைப் போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் பயப்பட வேண்டாம். சில போர்டுகளில் எம்.2 ஒரு சாட்டா துளையின் பாதையை எடுத்துக்கொள்ளும். வயரை அடுத்த துளைக்கு மாற்றுங்கள். பயோஸில் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியாத புதிய வட்டை, வட்டு மேலாண்மைப் பகுதியில் தொடக்கிவைத்துப் பிரிக்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சரி, வலோரண்ட் மட்டும் திறக்கவில்லை

விண்டோஸ் 11இல் அந்த விளையாட்டு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கிறது. ஏஎம்டி போர்டுகளின் பயோஸில் எஃப்டிபிஎம் என்றும் இன்டெலில் பிடிடி என்றும் தேடி இயக்குங்கள். செக்யூர் பூட் இயங்க மறுத்தால் சிஎஸ்எம் என்ற பழைய முறை இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ், வட்டைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் நிறுவப்பட்டிருந்தால் சிஎஸ்எம்மை நிறுத்தியதும் கணினி எழாது. முதலில் வட்டை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். நான்காம் தலைமுறை இன்டெல் கணினியில் இந்தப் பாதை பெரும்பாலும் அடைபட்டதே. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இந்த ஒரு விளையாட்டுக்காகவே கணினி வாங்குபவர்கள் எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது ரைசன் 2000 வரிசைக்குக் கீழே போகாதீர்கள்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

எல்லாவற்றையும் கேசிங்கிலிருந்து வெளியே எடுங்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வைத்து, செயலி, குளிர்விப்பான், ஒரே ஒரு ராம், தேவைப்பட்டால் கார்ட், பவர் சப்ளை இவற்றை மட்டும் இணையுங்கள். வட்டு வேண்டாம், முன்பக்க வயர்கள் வேண்டாம். போர்டின் வட்ட மின்கலத்தை ஐந்து நிமிடம் கழற்றி மீண்டும் போடுங்கள். இப்போது படம் வந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். எதைச் சேர்த்தபோது நின்றதோ அதுதான் ஆள். வராவிட்டால் இரவல் பாகம் தேவை. ஊரில் கணினி பூட்டியவர்கள் ஒருவருக்கொருவர் ராமும் பவர் சப்ளையும் கொடுத்து உதவுவது வழக்கம், தயங்காமல் கேளுங்கள்.

அப்போதும் ஒரு பாகம்தான் பழுது என்று உறுதியானால், அனுப்பும் முன் அதன் தொடர் எண், பற்றுச்சீட்டு, அறிகுறியைக் காட்டும் சிறு காணொளி மூன்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் போர்டுகளின் ஊசிகள் சொக்கெட்டுக்குள்ளேயே இருக்கின்றன. வழியில் ஒன்று வளைந்தாலும் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். செயலியைக் கழற்றியதும் ஊசிகள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு, போர்டு வாங்கிய அன்று சொக்கெட்டின் மேல் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை மாட்டி அனுப்புங்கள். அந்த மூடியை நான் மேசை லாச்சிக்குள், பற்றுச்சீட்டோடு சேர்த்து ஒரு உறையில் வைத்திருக்கிறேன்.